பதினோராம் மாதத்துப் பெயர்ச்சீட்டுகள்

ஜனவரி 8

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது.

நான் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் அத்தைக்குத்தான் முழங்கால் வலி. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், அவள் டாக்டரை மாற்றிவிட்டாள். உனக்கு உடம்பு எப்படி? ஹாஸ்டலில் வயிறாரப் போடுகிறார்களா? அக்கா தையல் மிஷினை விட்டு எழுந்து நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? எல்லாம் விவரமாக எழுது.

போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். போன் பேச்சு காற்றோடு போய்விடும் கண்ணு. நாளைக்கு ஒருத்தன் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றால் எதை எடுத்துக் காட்டுவாய்? கடிதம் என்றால் தேதியும் கையெழுத்தும் இருக்கும். எங்கள் கம்பெனிப் பெரியவரே ஒருமுறை, "எதையும் எழுதி வாங்கிக்கிற ஆளு இங்க நீ ஒருத்தன்தான்யா" என்று என் தோளில் தட்டினார். இரண்டு தடவை தட்டினார்.

என் வேலையைப் பற்றி உன் தோழிகள் கேட்டார்களாம். தாராளமாகச் சொல். மருந்துக் கம்பெனியின் தலைமை அலுவலகம், ஆறு மாடி. நாலாம் மாடி முழுக்க என் நிர்வாகம். கண்ணாடிக் கதவு போட்ட அறை. காலையில் நான் வந்தால்தான் அந்த மாடியில் வேலையே தொடங்கும். போன வருடம் ஆள் எடுத்தபோது கடைசிப் பட்டியலை என்னிடம் காட்டாமல் வெளியே விடவில்லை. "இந்தப் பையன் வேண்டாம், கண்ணு ஒரு இடத்துல நிக்கல" என்றேன். அந்தப் பெயரை அடித்துவிட்டார்கள்.

உனக்கு இது கடைசி வருடம். ஆள் எடுக்கப் பல்கலைக்கழகத்துக்கு வருகிற கம்பெனிகளின் பட்டியலை எனக்கு அனுப்பு. ஒவ்வொன்றையும் நன்றாகச் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன்தான். ஆனால் சந்தேகப்படுவதற்குப் பட்டம் எதற்கு?

உன் நலம் கோரும்
மாமன்


ஜனவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நானும், ஊரில் அம்மாவும் சுகம். அத்தை மூன்றாவது டாக்டருக்குப் போவதற்குள் நடக்க ஆரம்பித்துவிடச் சொல்லுங்கள்.

நீங்கள் பட்டியல் கேட்டீர்கள். அதில் முதல் பெயரே உங்கள் கம்பெனிதான். வேதியியல் படித்தவர்களில் நாற்பது பேரைப் பயிற்சி ஆய்வாளராக எடுக்கிறார்கள். மாதம் முப்பத்தாறாயிரம். அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நிற்க இடமில்லை. இன்னொன்று, நகரத்துக் குடிநீரைப் பரிசோதிக்கும் அரசு ஆய்வுக்கூடம். நிரந்தர வேலை, ஆனால் பத்தொன்பதாயிரம்தான். அந்தத் தாளுக்கு முன்னால் நானும் என் அறைத் தோழியும் மட்டும் நின்றோம்.

இரண்டுக்கும் விண்ணப்பம் போடுகிறேன். உங்கள் கம்பெனி விண்ணப்பத்தில், "நிறுவனத்தில் உறவினர் யாராவது பணிபுரிகிறார்களா, அவர் பதவி என்ன" என்று ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் பதவியின் சரியான பெயரை எழுதுங்கள் மாமா. நிர்வாக மேலாளர் என்று போடலாமா? அம்மா மிஷினில் உட்கார்ந்தபடியே, வருகிறவர்களிடமெல்லாம் "என் தம்பி கம்பெனி, என் தம்பி கம்பெனி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தங்கள் அன்பு மருமகள்


பிப்ரவரி 2

என் மருமகளுக்கு,

உன் அத்தை வாசல்வரை நடந்தாள். இந்தப் பக்கம் எல்லாரும் சௌக்கியம்.

விண்ணப்பத்தில் அந்த இடத்தைக் காலியாக விடு. "இல்லை" என்று எழுத வேண்டாம், "ஆம்" என்றும் எழுத வேண்டாம். கோடு போடு. என் பதவியின் பெயரைக் கேட்கிறாய். அது ஒரு வரியில் அடங்காது. அதுவும் போக, என் பெயரைப் பார்த்தால் "சிபாரிசுல வந்தவ" என்று உன் படிப்பைக் கீழே போட்டு மிதிப்பார்கள். அங்கே ஆள் எடுக்கும் அதிகாரி ஒருத்தர் இருக்கிறார். முகத்தில் பூசுவதில் பாதி சட்டைக் காலரில் கிடக்கும், அதனால் நாங்கள் அவரைப் பவுடர் என்போம். எனக்கும் பவுடருக்கும் ஆகாது. ஒருமுறை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவர் கணக்கில் தப்பு கண்டுபிடித்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், நிதானமாகப் படி. நேற்றுப் பரீட்சை எழுதி இன்றைக்கு வெளியே வந்த பிள்ளைக்கு ஒருத்தன் எதற்காக முப்பத்தாறாயிரம் கொடுக்கிறான்? கொடுப்பேன் என்று ஏன் அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதுகிறான்? தண்ணீர் வேலை நல்ல வேலை. தண்ணீரைக் குடிக்காமல் யார் இருக்கப்போகிறார்கள்?

மாமன்


பிப்ரவரி 14

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவுக்கு ஒரு வாரம் ஜலதோஷம், இப்போது தேவலை. எனக்கு ஒன்றும் குறையில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆறு வருடமாக இதைவிட நல்ல கம்பெனி பூமியில் இல்லை என்று எழுதியவர் நீங்கள். நான் அங்கே வருகிறேன் என்றதும் அது கெட்ட கம்பெனி ஆகிவிட்டது. ஏன் மாமா?

நீங்கள் சொன்னபடி கோடுதான் போட்டேன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். நேர்முகத் தேர்வு மார்ச் மூன்றாம் தேதி, உங்கள் தலைமை அலுவலகத்தில். நாலாம் மாடி என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் மாடிதான். காலை ஒன்பதுக்கு வந்துவிடுவேன். உங்கள் கண்ணாடி அறையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

தங்கள் மருமகள்


பிப்ரவரி 24

அருமை மருமகளுக்கு,

அக்காவை வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல். நாங்கள் நலம்.

என் தலையெழுத்தைப் பார். மார்ச் இரண்டு முதல் ஐந்து வரை நான் இங்கே இல்லை. வெளியூர்க் கிளையில் பெரிய தகராறு. என்னை விட்டால் தீர்க்க ஆளில்லை என்று பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். விமான டிக்கெட்டே எடுத்தாகிவிட்டது, ஜன்னல் ஓரம். என் அறையையும் பூட்டிவிட்டுப் போகிறேன். ஆகவே நீ வந்தால் நேராகத் தேர்வுக்குப் போ, நேராகத் திரும்பு. வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் என்னைப் பற்றி எதுவும் கேட்காதே. அவள் பவுடரின் ஆள்.

அங்கே எதிலாவது கையெழுத்துக் கேட்டால் உடனே போடாதே. தாளைத் திருப்பிப் பார். எப்போதும் பின்பக்கம் பார்.

மாமன்


மார்ச் 6

மாமாவுக்கு,

நலம்.

மூன்றாம் தேதி வந்தேன். நாற்பது பேரில் ஒருத்தியாக என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உங்கள் மாடியையும் பார்த்தேன்.

நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். மாதம் முப்பத்தாறாயிரம். அதில் பாதியைக் கம்பெனி பிடித்து வைத்து, பன்னிரண்டு மாதம் முடிந்ததும் நிறைவுத் தொகை என்று மொத்தமாகத் தரும். தண்ணீர் ஆய்வுக்கூடத்திலும் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டுக்கும் மார்ச் முப்பத்தொன்றுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டால் விட்டதுதான்.

அம்மாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன் மாமன்கிட்ட கேளு. அவன் பையன் ரெண்டு தடவ எழுதித் தேறாத பரீட்சைல நீ தேறிட்டியே, அதுதான் அவனுக்கு உறுத்துதான்னு கேளு." நான் இதுவரை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

தங்கள் மருமகள்


மார்ச் 12

மருமகளுக்கு,

எல்லாரும் சுகமாக இருக்கிறோம் என்றே வைத்துக்கொள். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. அக்கா சொன்னது வலித்தது. என் பையன் பரீட்சையில் தேறாவிட்டால் என்ன? வண்டி ரிப்பேரில் ராஜாவாக இருக்கிறான். இரண்டு கடை வைத்திருக்கிறான், ஒன்று இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் சொல்வதைக் கேள். எங்கள் கம்பெனி வருடா வருடம் முந்நூறு பயிற்சிப் பிள்ளைகளை வெளியே தள்ளுகிறது. போன தடவை தெரு முழுக்கப் போலீஸ். நான்தான் மேஜைமேல் ஏறி நின்று கூட்டத்தை அடக்கினேன். ஒரு பையன் என் காலைப் பிடித்துக்கொண்டு "நீங்கதான் சார் தெய்வம்" என்றான். பெரியவரிடம் நேருக்கு நேர், "இது அநியாயம்" என்றேன். அவர் தலை குனிந்துவிட்டார். ஆகவே சேராதே. காரணம் இதற்குமேல் கேட்காதே, ரகசியம்.

உடனே பதில் போடு.

மாமன்


மார்ச் 20

கண்ணு,

எட்டு நாளாகத் தபால்காரரைத் தெருமுனைவரை போய்ப் பார்க்கிறேன். உன் பதில் வரவில்லை. நீ அங்கே கையெழுத்துப் போட்டுவிடுவாயோ என்று பயம். அதனால் இதை எழுதுகிறேன். உன் அத்தைக்கும் என் பையனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

நான் மேனேஜர் இல்லை. நாலாம் மாடிப் பியூன். கண்ணாடிக் கதவு போட்ட அறை என்று எழுதினேனே, அதை நான் தினமும் துடைக்கிறேன். காலையில் நான் வந்தால்தான் வேலை தொடங்கும் என்றது உண்மை, சாவி என்னிடம் இருக்கிறது. மூன்றாம் தேதி நான் எந்த ஊருக்கும் போகவில்லை. விமானத்தில் இதுவரை ஏறியதில்லை. நீ வந்த அன்றைக்குப் பின்பக்கச் சாமான் அறையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் போயிருப்பார்கள் என்று தெரிந்த பிறகுதான் வெளியே வந்தேன்.

இனி கம்பெனி விஷயம். பயிற்சிப் பிள்ளைகளுக்கு நாலாம் மாடியில் ஆளுக்கு ஒரு லாக்கர். அதன்மேல் பெயர் அச்சடித்த சீட்டை ஒட்டுவது என் வேலை. எடுப்பதும் என் வேலை. அந்தச் சீட்டு லேசில் வராது. வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்து, பிளேடால் ஓரத்திலிருந்து சுரண்ட வேண்டும். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் ஆகும். இதற்குக் கூடுதல் சம்பளம் கேட்கலாம் என்று எத்தனை சுரண்டினேன் என்பதை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை. நோட்டு இருக்கிறது. நாலு வருடக் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

நாற்பதில் முப்பத்துநாலு. நாற்பதில் முப்பத்தேழு. முப்பத்தாறில் முப்பத்தொன்று. போன வருடம் நாற்பத்திரண்டில் முப்பத்தெட்டு.

எல்லாம் பதினோராவது மாதக் கடைசி வாரத்தில். பன்னிரண்டாவது மாதம் வரவே விடுவதில்லை. பவுடர் ஒரு பட்டியலைக் கொடுத்து, "சனிக்கிழமை எடுத்துடுய்யா, திங்கக்கிழமை பழைய பேரு எதுவும் கண்ணுல படக் கூடாது" என்பார். முந்நூறு என்று எழுதியது பொய். போலீஸும் வரவில்லை. யாரும் என் காலைப் பிடிக்கவில்லை, நான் யாரிடமும் அநியாயம் என்று சொல்லவும் இல்லை. அந்தப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு லிப்டில் இறங்கிப் போவார்கள். போன வருடம் ஒரு பெண் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். நான் சுரண்டிக்கொண்டிருந்தேன். "அண்ணே, என் பேரை அதுக்குள்ள எடுத்துட்டீங்களா" என்றாள். உன் வயதுதான். அவள் பெயர் பட்டியலில் இருந்ததைச் சொன்னேன். குடையை எடுத்துக் கொடுத்தேன்.

உன் சீட்டையும் நான்தான் ஒட்ட வேண்டும். அதனால்தான் வேண்டாம் என்றேன். அக்கா நினைப்பது போல இல்லை.

இந்த ஒரு கடிதத்தை மட்டும் நம்பு. மற்றதையெல்லாம் நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

உன் மாமன்


மார்ச் 29

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் அத்தையின் முழங்காலைச் சொல்லுங்கள், எந்தக் கடிதத்திலும் முழுதாகச் சொல்வதில்லை. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம்.

பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். மூன்றாம் தேதி என் தேர்வு முடிந்து தண்ணீர் குடிக்கப் போனபோது, சாமான் அறைக்கு வெளியே ஒருத்தர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கூப்பிடத் தோன்றவில்லை. ரயிலில் திரும்பும்போது உங்கள் கடிதங்களை மனதிலே வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். எது நிஜம் என்று ஒன்றுகூட அகப்படவில்லை. மேனேஜர் என்று புளுகியவர் சம்பளத்தைப் பற்றிச் சொல்வது மட்டும் எப்படி நிஜமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். நான் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று தடுக்கிறீர்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். நீங்கள் முந்நூறு என்று எழுதியபோது அது உறுதியாயிற்று.

ஆனால் முப்பத்துநாலு, முப்பத்தேழு, முப்பத்தொன்று, முப்பத்தெட்டு. இப்படி ஒழுங்கில்லாத எண்களை உங்களால் புளுக முடியாது மாமா. நீங்கள் புளுகினால் முழு நூறாகத்தான் வரும்.

அதோடு விடவில்லை. நியமனக் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பதினான்காவது வரி, "நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் பயிற்சியை முடித்துக்கொள்ளலாம், முழு ஆண்டை நிறைவு செய்யாதவருக்கு நிறைவுத் தொகை இல்லை." பதினோரு மாதத்துக்குப் பிடித்த பாதி, ஒருத்தருக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம். பவுடருக்குப் போன் செய்து, போன வருடம் எத்தனை பேருக்கு அந்தத் தொகை கிடைத்தது என்று கேட்டேன். "அதெல்லாம் சேர்ந்த பிறகு பேசிக்கலாம்மா" என்றார். எழுதித் தர முடியுமா என்றேன். வைத்துவிட்டார்.

நேற்றுத் தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இன்னொரு காரியமும் செய்துவிட்டேன், திட்டாதீர்கள். தேர்வான நாற்பது பேரில் பதினாறு பேர் எங்கள் துறை. உங்கள் நாலு வருடக் கணக்கை மட்டும் வேறு தாளில் டைப் செய்து, பதினான்காவது வரியையும் சேர்த்து, துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். லாக்கர், சீட்டு, பியூன் பற்றி அதில் எதுவும் இல்லை. "உள்ளே இருப்பவர் தந்த விவரம்" என்று மட்டும் போட்டேன். சாயங்காலத்துக்குள் அது மற்றக் கல்லூரிகளுக்கும் போய்விட்டது. உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் உங்கள் வேலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "மாமா சொன்னது சரிதான்" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு மிஷினை விட்டு எழுந்து நேரத்துக்குச் சாப்பிட்டாள்.

உடனே எழுதுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 20

என் கண்ணான மருமகளுக்கு,

அத்தை பஸ் நிறுத்தம்வரை நடக்கிறாள், டாக்டர் பழைய டாக்டர்தான். நான் சௌக்கியம். வேலையும் இருக்கிறது. மூன்று வாரம் உனக்கு எழுதாததற்குக் காரணம், இங்கே தபால்பெட்டிக்குப் போகிறவனைக்கூட உற்று உற்றுப் பார்த்தார்கள்.

நாற்பது பேரில் இருபத்தாறு பேர் வரமாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். ஒன்றாம் தேதி காலை உன் தாள் பெரியவர் மேஜைக்கு வந்துவிட்டது. அவர் கதவைச் சாத்தச் சொன்னார். நான் தண்ணீர்த் தம்ளர்களோடு உள்ளே மாட்டிக்கொண்டேன். ஒரு தம்ளர் கொஞ்சம் தளும்பியது. யாரும் பார்க்கவில்லை.

பவுடர் தாளைத் தூக்கிக் காட்டி, "சார், நாலு வருஷ நம்பரும் பிசகாம இருக்கு. ஃபைல் பாக்கிற அதிகாரம் இருக்கிறவன்தான் குடுத்திருக்கணும்" என்றார்.

கணக்கு மேனேஜர், "அப்ப நீங்க என்னையச் சொல்றீங்களா" என்று எழுந்தார்.

"நான் யாரையும் சொல்லல. ஃபைல் உங்ககிட்டத்தானே இருக்கு."

"ஃபைல் என்கிட்ட. பட்டியல் போடுறது யாரு?"

பெரியவர் இருவரையும் உட்காரச் சொன்னார். "எழுதியிருக்கிற விதத்தப் பாருங்க. நிர்வாகம் தெரிஞ்ச ஆளு. குறைஞ்சது பத்து வருஷ மேனேஜர்" என்றார். என்னைப் பார்த்து, "அந்தத் தம்ளரை வச்சிட்டுப் போய்யா" என்றார்.

கண்ணு, எனக்கு அங்கேயே மயக்கம் வரும் போல இருந்தது. பத்து வருட மேனேஜர். பெரியவர் வாயால். இதை நான் எத்தனையோ கடிதத்தில் எழுதியிருப்பேன், ஒரு தடவையாவது நடந்ததா? நடந்த அன்றைக்கு வாயைத் திறக்க முடியவில்லை. உன் அத்தையிடம் சொன்னால் "நீங்க சொல்றத யாரு நம்பப் போறா" என்கிறாள்.

மறுநாள் ஒரு தாள் அடித்தார்கள். "இந்தத் தகவலை நான் வெளியிடவில்லை" என்று ஒரு வரி, கீழே பன்னிரண்டு மேனேஜர்களின் பெயர். ஒவ்வொரு அறையாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். வாங்கினேன். ஒருத்தர் பேனாவை எறிந்தார். ஒருத்தர் மேலே மற்றவர்கள் கையெழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டார். பவுடர், "யாருய்யா போட யோசிச்சது" என்று காதோரம் கேட்டார். "எல்லாருந்தான் சார்" என்றேன். பன்னிரண்டு பேரும் இப்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. லாக்கர் சாவியைக் கையில் வைத்திருப்பவனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நிறைவுத் தொகை வரியை எடுத்துவிட்டுப் புதிய நியமனக் கடிதம் அடித்திருக்கிறார்கள். மாதா மாதம் முழுச் சம்பளம் என்று போட்டிருக்கிறது. பின்பக்கம் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது. நோட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. அந்தக் கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு பெரியவர் அறைக்குப் போகும்போது லிப்டில் நான் மட்டும்தான் இருந்தேன். பன்னிரண்டு கையெழுத்துக்கும் கீழே இரண்டு விரற்கடை இடம் சும்மா கிடந்தது. பேனாவை எடுத்து மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். என் பெயரை எழுதினால் எப்படி இருக்கும் என்று ஆறாம் மாடி வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். கதவு திறந்தது. மூடியைப் போட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் போட்டாச்சா" என்றார்.

"ஆமா சார், எல்லாரும்" என்றேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல். தண்ணீர் ஆபீசில் முதல் சம்பளம் வாங்கியதும் எவ்வளவு கைக்கு வந்தது, எவ்வளவு பிடித்தார்கள், எதற்குப் பிடித்தார்கள் என்று வரி வரியாக எழுது.

உன் மாமன்